மாப்பிள்ளைக் கார்

அந்த வாரத்துக்குக் கடிதங்களில் நீளமான பெயர் ஒன்று உண்டு. படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். தொழிலில் இருப்பவர்கள் அதைப் ‘பொருத்தம் பார்க்கிற வாரம்’ என்றுதான் சொல்வார்கள். மின்சாரக் கார் செய்கிற ஒன்பது கம்பெனிகளும், அந்தக் கார்களுக்குச் சார்ஜர் செய்கிற பதினான்கு கம்பெனிகளும் வருடத்துக்கு ஒருமுறை ஒரே கூடத்தில் கூடும். ஒவ்வொரு காரையும் ஒவ்வொரு சார்ஜரோடும் அரை மணி நேரம் இணைத்து, சேருகிறதா இல்லையா என்று பார்ப்பார்கள். வெளியே ஒருவர் பிழைப்பில் ஒருவர் மண்ணைப் போடக் காத்திருப்பவர்கள், உள்ளே வந்ததும் ஒருவருக்கொருவர் கேபிள் தூக்கிக் கொடுப்பார்கள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும்.

பிளக்கின் வடிவத்துக்காக இந்தக் கம்பெனிகள் ஆறு வருடம் கட்டிப் புரண்டு சண்டை போட்டன. கடைசியில் எல்லாருக்கும் ஒரே பிளக் என்று முடிவானது. அத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பிளக் வெறும் வாய்தான். அதற்குள் நடக்கிற பேச்சும் ஒத்துப்போக வேண்டாமா? இணைந்திருக்கும் நேரம் முழுக்கக் காரும் சார்ஜரும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். ‘இவ்வளவு கொடு’, ‘இந்தா’, ‘கொஞ்சம் குறை’, ‘குறைத்தாயிற்று’ என்று நொடிக்குப் பலமுறை. கார் அரை நொடிக்கு மேல் வாயை மூடிக்கொண்டால், சார்ஜர் அந்த இடத்திலேயே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். இது எல்லாரும் கையெழுத்துப் போட்ட பொதுவிதி. பேச்சு நின்றது என்றால் கேபிள் அறுந்திருக்கலாம், யாராவது பிடுங்கியிருக்கலாம்.

புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, கூடத்தின் ஆறாவது தடத்தில், பெரிய கம்பெனியின் வெள்ளைக் கார் அப்படி வாயை மூடிக்கொண்டது. பதினோராவது நிமிஷத்தில், முக்கால் நொடி. எதிரில் நின்ற சார்ஜர் ‘டப்’ என்று நிறுத்திக்கொண்டது.

அந்தச் சார்ஜரைச் செய்தது பதினொரு பேர் வேலை பார்க்கும் ஒரு சின்னக் கம்பெனி. அங்கே சோதனைப் பிரிவுக்குத் தலைமை ஒரு பெண். நாற்பத்திரண்டு வயது. எந்த நேரமும் கழுத்தில் மீட்டர் ஒன்று தொங்கும். சாப்பிடும்போதுகூடக் கழற்றமாட்டாள் என்பதால் மீட்டரம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. சார்ஜர் நின்றதும் அவள் திரையைப் பார்த்தாள், பதிவைப் பார்த்தாள், பிறகு காருக்குள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த பொறியாளரைப் பார்த்தாள்.

அந்தப் பொறியாளர் வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார். கணவரின் ஒரே தங்கை. வயது முப்பத்தைந்து ஆகியும் வீட்டில் பெயர் வாலுதான். பெரிய கம்பெனியில், காரின் சார்ஜ் ஏறும் புரோகிராமைப் பார்த்துக்கொள்பவள். ஒரே வீட்டில் கீழே அண்ணி, மேலே நாத்தனார். இந்த உறவை இருவரும் முதல் நாளே கூடத்து மேற்பார்வையாளரிடம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதனால் அண்ணியின் சார்ஜரோடு கார் இணையும்போது வாலு காருக்குள் உட்காரலாம், முடிவுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடக் கூடாது. அதைப் போட அவளுடைய மேலாளர் வர வேண்டும்.

மேலாளர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. தாளில் இரண்டே கட்டங்கள். ‘சேர்ந்ததா?’ என்பது ஒன்று, ‘சேராவிட்டால் காரணம் காரா, சார்ஜரா?’ என்பது இன்னொன்று.

“சார்ஜர்னு எழுதிடுங்க மேடம்” என்றார் அவர், பேனாவை நீட்டி. “மத்த பதிமூணு சார்ஜரும் ஒரு குறையும் சொல்லலை. உங்களுது மட்டும்தான் நிக்குது.”

“உங்க கார் முக்கால் நொடி பேசலை சார். பதிவு இருக்கு, பாக்கறீங்களா?”

“பதிமூணு பேருக்குப் பேசின கார் உங்களுக்கு மட்டும் பேசலையா?”

அவள் பேனாவைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள். எழுத மறுத்துவிட்டாள். கட்டம் காலியாக நின்றது. காலியாக நின்றால் பழி சார்ஜர் தலையில் விழும் என்பது கூடத்தின் வழக்கம். கார் ஏற்கெனவே விற்றுத் தெருவில் ஓடுகிறது, சார்ஜர் இன்னும் கூடத்தில்தானே நிற்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்த நியாயத்தைச் சொன்னவர்கள் யார் என்று கேட்கவே வேண்டாம், கார்க்காரர்கள்தான்.

பெரிய கம்பெனிக்கு எப்போதும் மாப்பிள்ளை முறுக்குதான். சொந்தப் பிளக்கை விட்டுவிட்டு மனசே இல்லாமல் பொதுப் பிளக்குக்கு வந்தவர்கள். தெருவில் ஓடும் கார்களில் பாதி அவர்களுடையவை. அந்தக் கார் முகம் சுளித்தால் சார்ஜர்காரர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

சின்னக் கம்பெனியின் முதலாளி அப்படி நிற்கத் தயாராகவே இருந்தார். நல்ல மனுஷர்தான். பயந்தால் மட்டும் கழுத்துப் பட்டனைத் திருகுவார். அந்த வாரத்தில் இரண்டு சட்டையின் பட்டன்கள் போயிருந்தன. நெடுஞ்சாலையில் இருநூறு இடங்களில் சார்ஜர் வைக்கப் போகிறார்கள். ஒன்பது கார்களோடும் பழியில்லாமல் வந்த சார்ஜருக்குத்தான் அந்தப் பட்டியலில் இடம். இந்த முறை விட்டால் அடுத்த பட்டியலுக்கு இரண்டு வருடம். அவ்வளவு காலம் கம்பெனி தாங்காது என்பது பதினொரு பேருக்கும் தெரியும்.

“வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுசோதனை இருக்கு மீட்டரம்மா” என்றார் முதலாளி, தடத்தின் ஓரத்துக்கு அவளை அழைத்துப் போய். “எனக்கு ஒரு யோசனை. எந்தக் கார் வந்திருக்குன்னு சார்ஜருக்குத் தெரியும் இல்லையா? இந்தக் காரைப் பார்த்தா மட்டும் ரெண்டு நொடி பொறுத்துக்கோன்னு புரோகிராம்ல ஒரே ஒரு வரி. யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமே சார்.”

“உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்.”

“விழாதீங்க சார், கேபிள் கிடக்கு” என்றாள் அவள்.

அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். முந்தைய வேலையில், ஒரு சோதனையின்போது பிரேக் போடாத வண்டி ஒன்று மெல்ல உருண்டு, கேபிளோடு கூடப் பிளக்கையும் பிடுங்கிக்கொண்டு போனது. சார்ஜர் உடனே நிறுத்தவில்லை, ஒன்றரை நொடி பொறுத்தது. அந்த வெளிச்சத்தை அவள் இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தாள். பிளக்கைப் பிடித்திருந்தவருக்கு இன்று வலது கையில் மூன்று விரல்கள்தான். ஒன்றரை நொடி என்பது எவ்வளவு நீளம் என்று முதலாளிக்கு விளக்க அவளுக்கு வார்த்தை வரவில்லை. அதனால் புரோகிராமைத் திறக்கும் கடவுச்சொல்லை அன்று மத்தியானமே மாற்றிவைத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி மூன்று பேர். மீட்டரம்மாவின் கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். தங்கை வேலை பார்க்கும் கம்பெனியின் கார்தான் ஓட்டுகிறார், மனைவியின் கம்பெனி முன்பு செய்த மெதுவான வீட்டுச் சார்ஜரில்தான் ஏற்றுகிறார், இரண்டு பக்கமும் பகைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷர்.

“என்ன, ரெண்டு பேரும் வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

கூடத்தின் விதி அப்படி. இன்னொருவர் முடிவைப் பற்றி உள்ளேயும் பேசக் கூடாது, வெளியேயும் பேசக் கூடாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அந்த வாரம் முழுக்க இருவரும் உப்பு வேண்டுமா தண்ணீர் வேண்டுமா என்பதற்குமேல் பேசுவதில்லை.

சாப்பிட்டு முடித்து மாடிக்குப் போகப் படியேறிய வாலு, நாலு படி ஏறித் திரும்பி நின்றாள்.

“அண்ணி, நீங்க மாத்திடுவீங்களா?”

“எதை?”

“ஒண்ணுமில்லை, விடுங்க” என்று சொல்லிவிட்டு வேகமாக ஏறிப் போய்விட்டாள்.

மீட்டரம்மாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. தன் காருக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று நாத்தனாருக்கு இத்தனை கவலையா? வேவு பார்க்கிறாளா? கூடப் பிறந்ததைப்போல இத்தனை வருஷம் வைத்திருந்த பாசம் எல்லாம் ஒரு கம்பெனிச் சட்டைக்குள் போய்விட்டதே என்று வருத்தமாகவும் இருந்தது. பாத்திரத்தைத் தேய்த்த வேகத்தில் ஒரு தட்டின் விளிம்பு நெளிந்தது.

தட்டை நிமிர்த்தும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. மேலாளர் கேட்ட அதே கேள்வி. பதிமூன்று பேருக்குப் பேசின கார் எனக்கு மட்டும் ஏன் பேசவில்லை? எதிரில் நிற்கும் சார்ஜர் யாருடையது என்று கார் பார்ப்பதில்லை. பெயர் கேட்பதும் இல்லை. அதற்கு எல்லாச் சார்ஜரும் ஒன்றுதான். அப்படியென்றால் எல்லாரிடமும் பதினோராவது நிமிஷத்தில் வாயை மூடியிருக்கத்தானே வேண்டும்? மூடியும் பதிமூன்று சார்ஜரும் நிற்கவில்லை என்றால்?

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலாளி தன் சொந்த மூளையில் உதித்ததாக நினைத்தாரே அந்த ஒரு வரி, அது பதிமூன்று இடத்திலும் உதித்திருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் தன் சார்ஜர்தான் குறை என்று நினைத்து, வெட்கப்பட்டு, யாருக்கும் தெரியாமல் அந்த வரியைச் சேர்த்திருக்கிறது. பக்கத்துத் தடத்துக்காரனும் அதையே செய்திருக்கிறான் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. பேசக் கூடாது என்பது விதியாயிற்றே. நல்ல நோக்கத்தில் போட்ட விதிதான், போட்டிக்காரர்கள் ஒருவர் தோல்வியை ஒருவர் விளம்பரத்தில் போட்டுவிடக் கூடாது என்று. அதுவே பதிமூன்று பேர் கண்ணையும் கட்டிவிட்டது.

இதை எப்படி வெளியே கொண்டு வருவது? ‘நீங்கள் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களா’ என்று யாரையும் கேட்க முடியாது. கேட்டால் கூடத்தை விட்டே வெளியேற்றுவார்கள். விதிப் புத்தகத்தை எடுத்து முன்னட்டையிலிருந்து பின்னட்டைவரை படித்தாள். பிறருடைய முடிவு, பிறருடைய பதிவு, பிறருடைய குறை என்று பக்கத்துக்குப் பக்கம் பிறர், பிறர். தன் குறையைத் தானே சொல்லக் கூடாது என்று எங்கேயும் இல்லை. அப்படி ஒரு பைத்தியம் இந்தத் தொழிலில் இருக்கும் என்று விதி எழுதினவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

வியாழக்கிழமை காலைத் தேநீர் இடைவேளை. கூடத்தின் நடுவில் நீள மேஜை, சுற்றி எண்பது தொண்ணூறு பேர், கையில் காகிதக் கோப்பை. மீட்டரம்மா காலியான மரப்பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறினாள். முதலாளிக்கு என்ன நடக்கப் போகிறது என்று புரிவதற்குள் பட்டன் கையோடு வந்துவிட்டது.

“ஒரு நிமிஷம் எல்லாரும் கேளுங்க” என்றாள். “ஆறாம் தடத்துல நிக்கறது எங்க சார்ஜர். பெரிய கம்பெனி காரோட அது சேரலை. எங்க பதிவுல பார்த்தா, பதினோராவது நிமிஷம் கார் பேட்டரி சூடாகி, குளிர வைக்கிற பம்ப் ஓட ஆரம்பிக்குது. அந்த நேரத்துல கார் முக்கால் நொடி பேசாம இருக்கு. எங்க சார்ஜர் நிறுத்திடுது. அரை நொடிக்கு மேல பொறுத்துக்கறதுக்குத் தனியா ஒரு வரி போடச் சொன்னாங்க, நான் போடலை, போடவும் மாட்டேன். நான் சொல்றது எங்க சார்ஜரைப் பத்தி மட்டும்தான். மத்தவங்களைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தன் சரக்கு சொத்தை என்று சந்தையில் நின்று கூவுகிறவளை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. மேலாளர் விடுவிடுவென்று மேற்பார்வையாளரிடம் போனார்.

மேற்பார்வையாளர் ஓய்வு பெற்ற அம்மையார். கழுத்தில் கயிற்றில் கட்டிய கண்ணாடி, கையில் மணி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். எச்சில் தொட்டு இன்னொரு முறை புரட்டினார். “தன்னைப் பத்திப் பேசக் கூடாதுன்னு இல்லை” என்றார். “எட்டு வருஷமா யாரும் பேசினதில்லை. அவ்வளவுதான்.” மணியை அடித்து எல்லாரையும் வேலைக்கு அனுப்பிவிட்டார்.

அன்று மாலைவரை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முதலாளி அவளிடம் பேசுவதை நிறுத்தி, சார்ஜரிடம் பேச ஆரம்பித்திருந்தார். “நீயாவது சொல்லேன்” என்று அதன் மூடியைத் தட்டினார். பதினொரு குடும்பத்தை மரப்பெட்டியில் ஏற்றிவிட்டேனோ என்று மீட்டரம்மா கை கழுவப் போன இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள்.

அங்கேதான் பக்கத்துக் குழாயில் நீலச்சட்டைக்காரர் வந்து நின்றார். சார்ஜர் செய்கிறவர்களில் முதலிடத்தில் இருக்கும் கம்பெனியின் பொறியாளர். எந்த டெண்டரானாலும் மீட்டரம்மாவின் கம்பெனியை முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வ வைக்கிறவர்.

“எங்களுதும்தான்” என்றார் சன்னமாக, கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு. “எங்க போர்டுதான் மெதுவா வேலை செய்யுதுன்னு நினைச்சோம் மேடம். எட்டு மாசத்துல ரெண்டு தடவை போர்டை மாத்தினோம். ஒருத்தரை வேலையை விட்டே அனுப்பிட்டோம். கடைசில தலையெழுத்தேன்னு அந்த வரியைப் போட்டோம்.”

வேலையை விட்டு அனுப்பப்பட்டவர் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று இப்போது அவர்கள் இருவருக்குமே தெரியும். ஆனாலும் அவள் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

“சார், இதை என்கிட்ட சொல்லாதீங்க. மத்தவங்க குறையை நான் தனியாக் கேட்டுக்கிட்டா விதிக்கு விரோதம். பெட்டி அங்கேயேதான் கிடக்கு. ஏறிச் சொல்லுங்க.”

“எங்க முதலாளி என்னைத் தோலை உரிச்சிடுவார்.”

“எங்க முதலாளி என்கிட்ட பேசறதே இல்லை. பரவாயில்லை, காது கொஞ்சம் நிம்மதியா இருக்கு.”

அவர் சிரித்தார். சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் ஏறுவார் என்று அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலைத் தேநீர் இடைவேளையில் பெட்டியின் மேல் யாரும் ஏறவில்லை. மேஜை ஓரத்தில் நின்றபடியே நீலச்சட்டைக்காரர் தொண்டையைக் கனைத்தார். கோப்பையை மேஜையில் வைத்தார்.

“எங்க சார்ஜரும் சேரலை” என்றார். “திங்கட்கிழமை ‘சேர்ந்தது’ன்னு கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வரி இருந்ததால சேர்ந்துச்சு. அதை எடுத்துட்டு மறுசோதனை கேக்கறேன்.”

முதலாளி பட்டனை விட்டுவிட்டு நிமிர்ந்தார். அதற்குள் இன்னொரு மூலையிலிருந்து ஒரு பெண், “நாங்களும். நாங்க கேபிளையே ரெண்டு தடவை மாத்தினோம்” என்றாள். அப்புறம் ஒரு தாடிக்காரர். அப்புறம் இன்னும் இருவர். மொத்தம் ஐந்து பேர். மீதி எட்டுப் பேர் தேநீரில் சர்க்கரை போதுமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஐந்து போதும் என்று மீட்டரம்மா நினைத்தாள். அவள் எதிர்பார்த்தது ஒன்றைத்தான்.

மத்தியானம் ஒன்றரைக்கு மறுசோதனை ஆரம்பித்தது. வெள்ளைக் காரின் உள்ளே வாலு. முதலில் நீலச்சட்டைக்காரரின் சார்ஜர். பதினோராவது நிமிஷம் ‘டப்’ என்று நின்றது. அடுத்து கேபிளை மாற்றின பெண்ணின் சார்ஜர். கார் பேட்டரி ஏற்கெனவே சூடாக இருந்ததால் பம்ப் சீக்கிரமே ஓடியது, ஏழாவது நிமிஷத்திலேயே ‘டப்’. மூன்றாவது சார்ஜர் நான்காவது நிமிஷத்தில். நேரம் காரின் சூட்டோடு சேர்ந்து நகர்ந்தது. கம்பெனி வேறு, போர்டு வேறு, கேபிள் வேறு, ஆனால் பம்ப் எப்போது ஓடுகிறதோ அப்போதெல்லாம் கார் வாயை மூடியது. இதற்குமேல் விளக்கம் சொல்ல ஒன்றுமில்லை. சுற்றி நின்ற கூட்டத்தில், தேநீரில் சர்க்கரை பார்த்தவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

ஆறாவதாக மீட்டரம்மாவின் சார்ஜர். மூன்றாவது நிமிஷம், ‘டப்’. அந்தச் சத்தம் கேட்டு முதலாளி கை தட்டிவிட்டார். தன் சார்ஜர் நின்றதற்குக் கை தட்டின முதல் முதலாளி அவராகத்தான் இருப்பார்.

வாலு காரைவிட்டு இறங்கினாள். முடிவுத் தாள்களைக் காரின் முன்பக்கத்தில் பரப்பினாள். முதல் தாளில் ‘சேரவில்லை’ என்று எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில் ‘கார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது தாள், மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை. மேலாளர் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வருவதற்குள் ஐந்திலும் மை காய்ந்துவிட்டது. ஆறாவது தாளை அவள் தொடவில்லை, தொடக் கூடாது.

“என்ன காரியம் பண்ணியிருக்கே?” என்றார் மேலாளர். மூச்சிரைத்தது.

“நடந்ததை எழுதியிருக்கேன் சார்.”

மேலாளர் ஆறாவது தாளை எடுத்தார். மீட்டரம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். எல்லாவற்றையும் கிளப்பிவிட்டவள் இவள்தானே. “மேடம், இதுல நான்தான் கையெழுத்துப் போடணும். காரணத்துல எனக்குச் சம்மதம் இல்லை. காலியாவே இருக்கட்டும்” என்றார். சுவர்க் கடிகாரம் நாலே முக்கால் காட்டியது. ஐந்து மணிக்குத் தாள்களைக் கொடுத்துவிட வேண்டும்.

ஐந்து பேர் தப்பித்துவிட்டார்கள், தான் மாட்டிக்கொண்டோம் என்று மீட்டரம்மாவுக்குப் புரிந்தது. சொந்த நாத்தனார் ஊருக்கெல்லாம் உண்மையை எழுதிக் கொடுக்கலாம், அண்ணிக்கு மட்டும் முடியாது. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. “அஞ்சு மணிவரைக்கும் நான் இங்கேயேதான் நிப்பேன் சார்” என்றாள். “நீங்க காரணத்தை எழுதற வரைக்கும் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன். உங்க கார் பேசலை. எழுதுங்க.”

“நிக்கறதுன்னா நில்லுங்க.”

அப்போது நீலச்சட்டைக்காரர் தன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அது ஒன்றும் பெரிய சத்தமில்லை. ஆனால் மேலாளர் திரும்பிப் பார்த்தார்.

“எங்க தாள்ல நான் இன்னும் கையெழுத்துப் போடலையே சார்” என்றார் நீலச்சட்டைக்காரர். “ரெண்டு கையெழுத்து இல்லாத தாள் செல்லாது, இல்லையா அம்மா?”

“செல்லாது” என்றார் மேற்பார்வையாளர். “சேர்ந்ததோ சேரலையோ, ஒரு காருக்குப் பத்துத் தாளாவது செல்லணும். அப்பத்தான் சான்றிதழ். பழைய தாள்ல அஞ்சு பேருதை மறுசோதனைக்காகத் திருப்பி வாங்கியாச்சு. இப்போ எட்டுதான் இருக்கு.” கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அவருக்கு அவசரமே இல்லை.

கேபிளை மாற்றின பெண்ணும் பேனாவை மூடினாள். தாடிக்காரருக்குப் பேனாவே இல்லை, இரண்டு கைகளையும் பையில் விட்டுக்கொண்டார். மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். நேற்றுவரை இவர்களில் ஒவ்வொருவரும் மீட்டரம்மாவின் கம்பெனி ஒழிந்தால் நல்லது என்று நினைத்தவர்கள். அடுத்த வாரம் மறுபடியும் அப்படியே நினைப்பார்கள், அதில் சந்தேகமில்லை. இப்போது ஐந்து பேரும் அசையவில்லை.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். சான்றிதழ் இல்லாமல் திரும்பிப் போனால் தன் நிலைமை என்ன என்று கணக்குப் போட்டிருப்பார். நாலு ஐம்பத்திரண்டுக்குக் கையெழுத்துப் போட்டார். காரணம் என்ற கட்டத்தில் எறும்பு அளவுக்கு ‘கார்’ என்று எழுதினார்.

“கொஞ்சம் பெருசா எழுதுங்க சார்” என்றாள் மீட்டரம்மா. “எனக்கு வெள்ளெழுத்து.”

கூட்டம் சிரித்தது. அவர் அதன் மேலேயே இன்னொருமுறை பெரிதாக எழுதினார். பேனாக்கள் திறந்தன. மேற்பார்வையாளர் ஆறு தாள்களையும் எண்ணி வாங்கிக்கொண்டு மணியை அடித்தார்.

முதலாளி அவள் பக்கத்தில் வந்து நின்று மறுபடி சார்ஜரைத் தட்டிக் கொடுத்தார். மீட்டரம்மா கேபிளைச் சுருட்டக் குனிந்தாள். கேபிளின் மறுமுனையை வாலு தூக்கிக்கொண்டு நின்றாள்.

“அன்னிக்குப் படியில நின்னு கேட்டியே” என்றாள் மீட்டரம்மா. “நான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்டி. உன் காருக்காகக் கேக்கறேன்னு நினைச்சேன்.”

“மாத்திடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு அண்ணி. இது கார் தப்புன்னு நான் எழுதிக் கொடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஒவ்வொரு தடவையும் ‘எல்லா சார்ஜரோடயும் சேருதே’ன்னு சொல்லி மூடிட்டாங்க. யாராவது ஒருத்தர் சேராம நிக்கமாட்டாங்களான்னு காத்துக்கிட்டு இருந்தேன். அது நம்ம வீட்டுலேயே இருக்கும்னு நினைக்கலை.”

மீட்டரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டும், இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாதவர்கள். அவள் பதில் சொல்வதற்குள் மேலாளர் அவர்கள் பக்கம் வந்தார். முறுக்கெல்லாம் இறங்கியிருந்தது. வெறும் களைத்த மனுஷராகத் தெரிந்தார்.

“இதைச் சரி பண்ண எத்தனை மாசம் ஆகும்?” என்று வாலுவைக் கேட்டார்.

“சரி பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு சார்” என்றாள் வாலு. “நாலே வரிதான். போட விடுங்க.”